தைராய்டு மாத்திரை எடுத்தும் கன்னத்து மங்கு போகலையே, ஏன்?

செம்பனைக்காடு (சுங்கை சிப்புட்):
அக்காவுக்கு 38 வயசு. தோட்டத்துல உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குற வேலை. தைராய்டு குறைவுன்னு சுகாதார கிளினிக்குல தைரோக்சின் 50 மைக்ரோகிராம் கொடுத்து நாலு மாசம் ஆச்சு. ரெண்டு கன்னத்துலயும் மேலுதட்டுலயும் பழுப்புத் திட்டு அப்படியே இருக்கு. தைராய்டு சரியானா கறுப்பும் போயிடுமா? பசார் மாலாமுல (இரவுச் சந்தை) 15 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு கிரீம் வாங்கி வெச்சிருக்காங்க, தடவலாமா?

மருந்துமேசை:
கிரீமைத் திறக்க வேணாம்.

நீங்க சொல்ற இடத்தைப் பார்த்தா மங்குதான். மங்கு உள்ளவங்கள்ல தைராய்டைத் தாக்கற எதிர்ப்பொருள் கொஞ்சம் அதிகமா தெரியுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. ஆனா கூடவே இருக்கறது வேற, காரணமா இருக்கறது வேற. மாத்திரை டி.எஸ்.எச் (தைராய்டைத் தூண்டற ஹார்மோன்) அளவைச் சரியாக்கும், தோல்ல ஏற்கெனவே படிஞ்ச நிறமியைச் சுரண்டாது.

தைராய்டு குறைஞ்சா முகம் பொதுவா கறுக்காது. வெளிறும், வறண்டு ஊதும், உள்ளங்கை மஞ்சளா தெரியலாம் (கண்வெள்ளை மஞ்சளாகாது, அதுவும் மஞ்சளானா காமாலையான்னு பார்க்கணும்). கண்ணிமை மட்டும் கறுத்தா தைராய்டு கூடுதலான்னு பார்க்கணும். கழுத்து மடிப்பு வெல்வெட் மாதிரி தடிச்சுக் கறுத்தா சர்க்கரையைப் பாருங்க. ஈறு, கைரேகை, பழைய தழும்பு கறுத்து, உடம்பு மெலிஞ்சு, எழுந்தா தலைசுத்தினா உடனே டாக்டர்கிட்ட போகணும். அது அட்ரினல் சுரப்பிக் கோளாறா இருக்கலாம். அதைச் சரிசெய்யாம தைரோக்சின் அளவைக் கூட்டினா ஆபத்து.

கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடறாங்களா? வெயில் மாதிரி அதுவும் மங்கைக் கிளப்பும்.

ரப்பர்வேலி:
மாத்திரையை எப்படிச் சாப்பிடறாங்கன்னு யாரும் கேக்கலையே! வெறும் வயித்துல, பச்சைத் தண்ணியோட. கோப்பி, மைலோ, பசியாறல் எல்லாம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழிச்சு. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேர இடைவெளி வேணும், இல்லேன்னா குடல்லயே ஒட்டிக்கிட்டு மருந்து ரத்தத்துல சேராது. அளவு மாத்தினா 6 லிருந்து 8 வாரம் கழிச்சுத்தான் டி.எஸ்.எச் பார்க்கணும், முன்னாடி பார்த்தா பொய்க்கணக்கு.

இன்னொண்ணு, முடிக்கும் சருமத்துக்கும்னு விக்கற பயோட்டின் மாத்திரை. அது 5, 10 மில்லிகிராம்னு பெரிய அளவுல இருக்கும். சில ஆய்வுக்கூட முறையில டி.எஸ்.எச்சைக் குறைவா காட்டிடும். ரத்தம் எடுக்கறதுக்குக் குறைஞ்சது ரெண்டு நாள் முன்னாடி நிறுத்தணும், எடுக்கறவங்ககிட்டயும் சொல்லணும்.

செம்பனைக்காடு:
பயோட்டின் சாப்பிடறாங்க! சொல்றேன். வேர்வையில சன்ஸ்கிரீன் நிக்குமா? எலுமிச்சைச் சாறு தடவலாமா?

மருந்துமேசை:
எலுமிச்சை கூடவே கூடாது. சாறு தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா புண்ணாகி, முன்னைவிடக் கறுக்கும்.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப் 30க்கு மேல, வேர்வை தாங்கற வகை. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டு நீளத்துக்குப் பிதுக்கினா முகம் கழுத்துக்கு ஒருதடவைக்குச் சரி. பட்டாணி அளவு தடவிட்டு வேலை செய்யலைன்னா எப்படி? ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை, வேர்வையை ஒத்தி எடுத்துட்டு மறுபடியும். மங்குக்கு நிறம் கலந்த சன்ஸ்கிரீன் நல்லது, அதுல இருக்கற இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியற வெளிச்சத்தையும் தடுக்கும். மேல அகலத் தோப்பியும் துணியும். பூச்சு மருந்துன்னா டாக்டரைக் கேட்டு அசெலாயிக் அமிலம் 20 சதவீதம். முதல் வாரம் சுள்ளுன்னு எரியலாம், பலன் தெரிய மூணு நாலு மாசம் ஆகும்.

ரப்பர்வேலி:
கிரீம் டப்பாவைத் திருப்பிப் பாருங்க, என்.ஓ.டி ன்னு தொடங்கி கே ன்னு முடியற எண் இருக்கா? இருந்தாலும் என்.பி.ஆர்.ஏ (மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) தளத்துல தேடிப் பார்க்கணும், ரத்தான எண்ணையும் ஒட்டி விக்கறாங்க. பத்து நாள்ல வெளுத்தா பாதரசமோ ஹைட்ரோகுவினோனோ ஸ்டீராய்டோ இருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்துல தங்கும். ஹைட்ரோகுவினோனைக் கண்காணிப்பில்லாம ரொம்ப நாள் பூசினா நீலக்கறுப்புத் திட்டு விழும், அது மங்கைவிடப் பிடிவாதம்.

செம்பனைக்காடு:
எண் ஒண்ணும் இல்லை. சாயம்போன ஸ்டிக்கர்தான். அக்கா நாலு நாள் தடவிட்டாங்களாம்.

மருந்துமேசை:
நிறுத்தச் சொல்லுங்க. டப்பாவை பிளாஸ்டிக் பையில கட்டி, பிள்ளைங்க கைபடாம வெச்சு, கிளினிக்குக்கு எடுத்துட்டுப் போங்க. தடவின நாள் கணக்கைச் சொன்னா சிறுநீர்ப் பரிசோதனை தேவையான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. கிரீம் பட்ட தலையணை உறையைத் தனியா துவைங்க.