ஆர்.சி.சி.பி. நிக்க மாட்டேங்குது, டெஸ்ட் ரிப்போர்ட்ல எல்லாம் சரின்னு இருக்கு – உதவி தேவை

மாடிவீடு (இழை தொடங்கியவர்)
அவசரம். புது வீடு, குடி வந்து மூணு வாரம். ஆர்.சி.சி.பி. (கரன்ட் லீக் ஆனா தானா வெட்டுற பாதுகாப்பு சுவிட்ச்) அடிக்கடி விழுது, அதாவது தானா ஆஃப் ஆகுது. வயரிங் பண்ணவர் நேத்து வந்து பார்த்துட்டு, பொருள் சரியில்லன்னு சொல்லி அதை விட்டுட்டு வயரை நேரா ஜாயின்ட் பண்ணிட்டுப் போயிட்டார். இப்ப எதுவும் விழல. வீட்ல சின்னப் பிள்ளைங்க இருக்காங்க, இப்படியே விடலாமா? கனெக்‌ஷன் வாங்கும்போது லைசென்ஸ் கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த டெஸ்ட் ரிப்போர்ட் இருக்கு. அதுல எல்லாம் சரின்னுதான் எழுதியிருக்கு. அப்ப வயரிங் சரிதானே? வேற கம்பெனி ஆர்.சி.சி.பி. வாங்கி மாட்டினா போதுமா?

கரண்ட்கம்பம்
சிங்கிள் பேஸா, த்ரீ பேஸா? ஆர்.சி.சி.பி. ரெண்டு போலா நாலு போலா, அதாவது எத்தனை வயரை வெட்டுது? மேல 30 மில்லி ஆம்ப்னு இருக்கா, 100-ன்னு இருக்கா? இன்வெர்ட்டர் இருக்கா? எந்த நேரத்துல விழுது, எதைப் போட்டா விழுது? இது எதையும் சொல்லாம பொருளை மாத்துங்கன்னு யாரும் சொல்ல முடியாதுங்க.

நீர்மூழ்கி
போர் மோட்டார் இருக்கா? இருந்தா அதுதான். உள்ள இறக்கின கேபிள் ஜாயின்ட்ல தண்ணி ஏறியிருக்கும். ஸ்டார்ட்டர்ல மோட்டாருக்குப் போற வயரை எல்லாம் கழட்டி, ஒவ்வொண்ணுக்கும் எர்த்துக்கும் நடுவுல 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் அளக்கிற மீட்டர்) வெச்சுப் பாருங்க. ஒரு மெகா ஓமுக்குக் கீழ வந்தா மோட்டாரை மேல தூக்க வேண்டியதுதான்.

எர்த்குழி
எர்த் சரியில்லாத வீட்ல இப்படித்தான் வரும். குழியில கரியும் உப்பும் போட்டாங்களா, வெறும் பைப்பை அடிச்சு மண்ணை மூடிட்டாங்களா? வெயில் காலத்துல தண்ணி ஊத்துறீங்களா?

மெக்கர்
தம்பி, முதல்ல ஒரு விஷயம். அந்த பைபாஸை, அதான் நேரா போட்ட ஜாயின்ட்டை, இன்னைக்கே எடுக்கச் சொல்லுங்க. ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்ல எர்த் மட்டும் காப்பாத்தாது, கணக்குப் போட்டுப் பாருங்க. 40 மில்லிமீட்டர் ஜி.ஐ. பைப் ஒண்ணை 2.5 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினா, மண்ணோட தன்தடை 100 ஓம் மீட்டர்னு வெச்சா, எர்த் ரெசிஸ்டன்ஸ் 35 ஓம் பக்கம் வரும். கீசர் பாடியில பேஸ் பட்டா அந்த எர்த் வழியா ஓடுறது 230-ஐ 35-ஆல வகுத்தா வர்ற ஆறரை ஆம்ப்தான். 16 ஆம்ப் எம்.சி.பி. (அதிக கரன்ட் ஓடினா வெட்டுற சுவிட்ச்) ஆறரை ஆம்ப்புக்கு ஆயுசுக்கும் விழாது. பாடி கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜ்ல அப்படியே நிக்கும். 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இருந்தா கண் இமைக்கிறதுக்குள்ள வெட்டிடும். அதைத்தான் உங்க ஆள் எடுத்து வெளிய போட்டிருக்கார்.

அடுத்து, ரிப்போர்ட்ல இருக்குற நம்பரை அப்படியே இங்க எழுதுங்க. இன்சுலேஷன் எவ்வளவு, எர்த் எவ்வளவு, தேதி என்ன? கையெழுத்து இருக்குங்கறதும் டெஸ்ட் பண்ணாங்கங்கறதும் ஒண்ணு இல்ல. வீடு கட்டுறவங்க இந்த அடிப்படையைத் தெரிஞ்சுக்காமலே காசைக் கொடுத்துடுறாங்க.

மாடிவீடு
மன்னிக்கணும், ஆபீஸ்ல இருந்து அவசரமா போட்டேன். த்ரீ பேஸ். நாலு போல், 40 ஆம்ப், 30 மில்லி ஆம்ப். இன்வெர்ட்டர் இருக்கு. போர் இல்ல, கார்ப்பரேஷன் தண்ணிதான். ரிப்போர்ட்ல இன்சுலேஷன் மூணு பேஸுக்கும் 50 மெகா ஓம், எர்த் 0.5 ஓம். தேதி பார்த்தேன். அந்தத் தேதியில எங்க வீட்ல சுவிட்ச் போர்டே மாட்டல, பெயின்ட் வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு. கையெழுத்துப் போட்டவரை நாங்க நேர்ல பார்த்ததே இல்ல.

வேற வயர்மேனை வெச்சு ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப மாட்டியாச்சு. பகல் முழுக்க நின்னுச்சு, கீசர் ஏசி எல்லாம் போட்டும் நின்னுச்சு. சாயங்காலம் ஏழு மணிக்கு விழுந்துடுச்சு. நேத்து வரைக்கும் அப்படித்தான், ராத்திரியிலதான் விழும். இன்னொண்ணு, விழுந்தப்புறம் மாடி ரூம் ப்ளக்ல டெஸ்டர் வெச்சா நியூட்ரல் ஓட்டையில எரியுது. இது எதனால?

எர்த்குழி
நான் சொன்னேன்ல. நியூட்ரல்ல டெஸ்டர் எரியுதுன்னா நியூட்ரல் மிதக்குது. டிபி பாக்ஸ்ல (எம்.சி.பி. எல்லாம் இருக்குற பெட்டி) நியூட்ரல் லிங்க்கையும் (நியூட்ரல் வயரெல்லாம் சேருற பட்டை) எர்த் லிங்க்கையும் ஒரு 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் போட்டுச் சேர்த்துடுங்க, சரியாயிடும்.

மெக்கர்
அதைப் பண்ணாதீங்க. ஆர்.சி.சி.பி.க்குப் பின்னாடி நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்தா, திரும்புற கரன்ட்ல ஒரு பங்கு எர்த் வழியா போகும், லோடு போட்டதும் விழும். முன்னாடி சேர்த்தா அதைவிட மோசம். வெளிய போஸ்ட்ல நியூட்ரல் அறுந்தா அந்தப் பேஸ் உங்க ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கீசர் பாடி எல்லாத்துக்கும் வந்துடும். 35 ஓம் எர்த்தால அதை இழுத்துக் கீழ வைக்க முடியாது.

எர்த்குழி
வெளிநாட்டுல சேர்க்கத்தானே செய்றாங்க?

மெக்கர்
அது சப்ளை கம்பெனியே அதுக்குன்னு அமைச்சுக் கொடுக்கிற முறை. நம்ம வீடுகள்ல எர்த் தனிக் குழி. ரெண்டையும் குழப்பாதீங்க.

கரண்ட்கம்பம்
மாடிவீடு சார், ரெண்டு கேள்விங்க. ஆர்.சி.சி.பி. விழுறப்போ இன்வெர்ட்டர் லைட்டெல்லாம் எரியுதா, அணையுதா? இன்வெர்ட்டருக்கு லைன் எங்க இருந்து போகுது, ஆர்.சி.சி.பி.க்கு முன்னாடியா பின்னாடியா?

மாடிவீடு
எரியுது. ஆனா படிக்கட்டு லைட் மட்டும் அணைஞ்சுடும். அதுவும் இன்வெர்ட்டர் லைன்தான்னு சொன்னாங்க. லைன் எங்க இருந்து போகுதுன்னு இப்ப இருக்குற வயர்மேன்கிட்ட கேட்டேன். மெயின் ஐசொலேட்டர்ல (மெயின் சுவிட்ச்) இருந்தே தனியா போகுதாம், ஆர்.சி.சி.பி. வழியா போகலையாம்.

கரண்ட்கம்பம்
அப்ப அந்தப் படிக்கட்டு லைட்தாங்க.

கீழே ஒரு டூ வே சுவிட்ச், மேல ஒரு டூ வே சுவிட்ச், ஒரே லைட்டை ரெண்டு இடத்துல இருந்தும் போட. கீழ இருந்து பேஸ் எடுத்திருக்காங்க, அது இன்வெர்ட்டர் பேஸ். பல்பு மாடிப் பக்கம் இருக்குறதால நியூட்ரலை மாடி ஜங்ஷன் பாக்ஸ்ல கிடைச்ச கறுப்பு வயர்ல சேர்த்திருப்பாங்க. அந்தக் கறுப்பு வயர் ஆர்.சி.சி.பி.க்குக் கீழ இருக்குற நியூட்ரல் லிங்க்குக்குப் போகுது. ஆக, போற கரன்ட் ஆர்.சி.சி.பி.யைத் தொடாம போகுது, திரும்புற கரன்ட் மட்டும் அதோட நியூட்ரல் போல் வழியா வருது. ஆர்.சி.சி.பி.க்கு அது லீக்கேஜ். 9 வாட் எல்.இ.டி. பல்புக்குக் குறைஞ்சது 40 மில்லி ஆம்ப் ஓடும். 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. 15-க்கும் 30-க்கும் நடுவுலயே விழுந்துடும். ஒரே ஒரு பல்பு போதும். அதான் ராத்திரி மட்டும் விழுது.

நியூட்ரல் ஓட்டையில டெஸ்டர் எரியுறதும் இதனாலதான். நாலு போல் விழுந்தா நியூட்ரலும் அறுந்துடும். படிக்கட்டு சுவிட்ச் ஆன்லயே இருக்கும். இன்வெர்ட்டர் பேஸ் பல்பு வழியா வந்து மாடியில இருக்குற மொத்த நியூட்ரல்லயும் நிக்கும். ஆர்.சி.சி.பி. ஆஃப்ல இருக்குதுன்னு நம்பி யாராவது மாடிப் ப்ளக்கைக் கழட்டிக் கறுப்பு வயரைத் தொட்டா ஷாக் அடிக்கும். தயவுசெஞ்சு சரி பண்ற வரைக்கும் அந்த சுவிட்ச்சைப் போடாதீங்க.

உறுதி பண்ணிக்க: ஆர்.சி.சி.பி.யை ஆஃப் பண்ணுங்க, இன்வெர்ட்டர் ஆன்லயே இருக்கட்டும், இன்வெர்ட்டர் லைட், ஃபேன் சுவிட்ச் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. மல்டிமீட்டரை ஏ.சி. 750 வோல்ட்ல வெச்சு, மாடிப் ப்ளக்ல நியூட்ரல் ஓட்டைக்கும் எர்த் ஓட்டைக்கும் நடுவுல ப்ரோப் வையுங்க. இன்வெர்ட்டர் சுவிட்ச்சை ஒவ்வொண்ணா போடுங்க. எதைப் போட்டா மீட்டர் 200-க்கு மேல ஏறுதோ அதுதான் நியூட்ரல் கலந்த லைட். ஒண்ணு கிடைச்சதும் நிறுத்திடாதீங்க, எல்லாத்தையும் போட்டுப் பாருங்க.

நீர்மூழ்கி
போர் இல்லன்னா மோட்டார் இல்ல, சரி. ஆனா எம்.சி.பி.யை ஒவ்வொண்ணா போட்டுப் பார்த்தாலே இது தெரிஞ்சிருக்குமே?

கரண்ட்கம்பம்
தெரியாதுங்க. டிபியில இருக்குற சிங்கிள் போல் எம்.சி.பி. பேஸை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் லிங்க்ல எல்லாக் கறுப்பு வயரும் ஒண்ணாவே கிடக்கும். நியூட்ரல் சம்பந்தப்பட்ட கோளாறுன்னா லிங்க்ல இருந்து வயரை ஒவ்வொண்ணா கழட்டித்தான் தேடணும்.

மெக்கர்
படிக்கட்டுன்னு நானும் சொல்ல இருந்தேன். இப்ப அந்த ரிப்போர்ட்டுக்கு வாங்க. 2.5 மீட்டர் பைப் ஒண்ணுக்கு 0.5 ஓம் வராது. கரி, உப்பு போட்டாலும் வராது. மூணு பேஸுக்கும் ஒரே 50 வராது. வயர் நீளம் வேற, பாயின்ட் எண்ணிக்கை வேற, காய்ஞ்ச புது வயர்னா மெக்கர் முள் பல இடத்துல அளவைத் தாண்டியே போகும். இது மூணு நாற்காலிக்கு ஒரே எடை எழுதுற மாதிரி. முறையா பண்ணா பல்பு, ஃபேன், கீசர் எல்லாம் கழட்டி, சுவிட்ச்சை ஆன்ல வெச்சு, இன்வெர்ட்டரையும் ஆர்.சி.சி.பி.யையும் பிரிச்சு, ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் 500 வோல்ட் டி.சி. ஒரு நிமிஷம் கொடுத்து எழுதணும். குறைஞ்சபட்சம் ஒரு மெகா ஓம் இருக்கணும். அந்த டெஸ்ட்டை ஒழுங்கா பண்ணியிருந்தா இந்தக் கோளாறு அன்னைக்கே பிடிபட்டிருக்கும்.

இ.எஸ்.பி_சேலம்
அது தப்பு சார். மெக்கர் டெஸ்ட்ல இது தெரியாது. இன்சுலேஷன் எங்கயும் கெடல, பல்பைக் கழட்டிட்டா அந்த ரெண்டு லைனுக்கும் தொடர்பே இல்ல. இதைப் பிடிக்க வழி, சப்ளை வந்தப்புறம் ஆர்.சி.சி.பி.யை ஆன்ல வெச்சு, வீட்ல இருக்குற ஒவ்வொரு பாயின்ட்டையும் தனித்தனியா போட்டுப் பார்க்கிறது. டெஸ்ட் பட்டனை அழுத்திட்டு ஓகேன்னு எழுதுறதும் போதாது. பட்டன் ஆர்.சி.சி.பி.க்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியா சோதிக்குது, வீட்டு எர்த்தையோ வயரிங்கையோ அது பார்க்கறதில்ல.

மெக்கர்
சரி, பாயின்ட் வாரியா போட்டுப் பார்க்கணும்கிறதை ஒத்துக்கறேன். எர்த் நம்பர் பொய்ங்கறதுல மாற்றம் இல்ல.

எர்த்குழி
இதுக்கெல்லாம் ஈ.பி.காரங்கதான் பொறுப்பு. கனெக்‌ஷன் கொடுக்க வந்தவர் வீட்டுக்குள்ள வந்து பார்க்க வேண்டாமா? மீட்டரை மாட்டிட்டுப் போயிடறாங்க.

இ.எஸ்.பி_சேலம்
விதியிலயே அந்த வழி இருக்குங்க. மத்திய மின்சார ஆணையத்தோட 2010 பாதுகாப்பு விதிகள்ல 31-ஆவது சொன்னது: சப்ளை கொடுக்கறதுக்கு முன்னாடி வினியோகிக்கிறவங்க தாங்களே சோதிக்கணும், அல்லது லைசென்ஸ் கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட்ட முடிவை ஏத்துக்கலாம். அந்த "அல்லது"லதான் எல்லாம் போகுது. இப்ப 2010-க்குப் பதிலா 2023 விதிகள் வந்தாச்சு, ஆனா களத்துல நடக்கிறது காகிதத்தை வாங்கி ஃபைல்ல வைக்கிறதுதான். அதே 2010 விதிகள்ல 29, லைசென்ஸ் இருக்குற கான்ட்ராக்டர்தான் வேலை செய்யணும், தகுதிச் சான்று இருக்குறவர் நேரடியா மேற்பார்வை பண்ணணும்னு சொல்லுச்சு. கையெழுத்து ஒருத்தர், வேலை இன்னொருத்தர்னா அந்த விதியே செத்துப்போச்சு.

எர்த்குழி
அப்ப ஈ.பி. பேர்ல தப்பே இல்லன்னு சொல்றீங்களா?

இ.எஸ்.பி_சேலம்
அப்படிச் சொல்லல. 0.5 ஓம்னு தினமும் ஒரே நம்பர் வந்தா, வாங்குறவர் ஒருத்தராவது எந்த மீட்டர்ல எடுத்தீங்கன்னு கேக்கணும். கேக்காதது தப்புதான். ஆனா பொய் எழுதினது கையெழுத்துப் போட்டவர். அவரோட லைசென்ஸ் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்துல இருந்து வந்தது, கிண்டியில இருக்கு. ரிப்போர்ட் நகல், லைசென்ஸ் நம்பர், சுவிட்ச் போர்டு மாட்டாத தேதிக்கு ஆதாரமா போட்டோ அல்லது பெயின்ட் பில், புதுசா அளந்த எர்த் நம்பர், இது நாலையும் சேர்த்து எழுத்துல கொடுங்க. புது அளவு இல்லாம புகார் கொடுத்தா நிக்காது.

கரண்ட்கம்பம்
சரி பண்ற வழியைச் சொல்லிடறேங்க. மாடி ஜங்ஷன் பாக்ஸ்ல படிக்கட்டு பல்போட கறுப்பு வயரைப் பிரிச்சு எடுக்கணும். கீழ் டூ வே சுவிட்ச் பெட்டியில இன்வெர்ட்டர் நியூட்ரல் இருக்கான்னு பாருங்க. இருந்தா அங்க இருந்து 1.5 ஸ்கொயர் கறுப்பு வயர் ஒண்ணை, டூ வே வயர் ரெண்டும் போற அதே பைப்ல மேல இழுத்து பல்புக்குக் கொடுக்கணும். முக்கால் இன்ச் பைப்ல மூணாவது வயர் தாராளமா போகும், பெண்ட் அதிகம்னா மட்டும் இழுவை கஷ்டம். இழுக்கவே முடியலன்னா பல்போட பேஸை மாடி லைட் சர்க்யூட்டுக்கு மாத்திடுங்க. கரன்ட் போனா படிக்கட்டு இருட்டாகும், ஆனா ஆபத்து இல்ல.

இதோட முடியல. உங்க இன்வெர்ட்டர் லைன் முழுக்க ஆர்.சி.சி.பி. பாதுகாப்பே இல்லாம ஓடுது. இன்வெர்ட்டர் அவுட்புட்ல தனியா ரெண்டு போல், 25 ஆம்ப், 30 மில்லி ஆம்ப் ஒண்ணு போட்டு, அந்த லைனுக்குத் தனி நியூட்ரல் லிங்க் வையுங்க.

மெக்கர்
இன்வெர்ட்டர்ல ஆர்.சி.சி.பி. போட்டா பேக்கப்ல வேலை செய்யாது, தெரியாம சொல்லாதீங்க.

இ.எஸ்.பி_சேலம்
இன்வெர்ட்டரைப் பொறுத்தது. நியூட்ரல் உள்ள இருந்து வெளிய நேரா போற மாடல்னா, பேக்கப்லயும் ஈ.பி. நியூட்ரல் தொடர்புல இருக்கும், டிரான்ஸ்ஃபார்மர்ல எர்த் ஆகியிருக்கும், அதனால விழும். நியூட்ரலையும் சேர்த்து மாத்துற மாடல்னா எர்த்துக்குத் திரும்புற வழி இல்ல, விழாது. இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி, ப்ளக்கை உருவி, இன்புட் நியூட்ரலுக்கும் அவுட்புட் நியூட்ரலுக்கும் கன்டினியூட்டி (தொடர்பு இருக்கான்னு) பார்த்தா ஓரளவு தெரியும். ஆனா சில மாடல்ல ரிலே நிலை மாறும். பேக்கப்ல ஓடும்போது பேஸுக்கும் வீட்டு எர்த்துக்கும் வோல்ட் பார்க்கிறதுதான் உறுதி. 230 பக்கம் நிலையா நின்னா வேலை செய்யும்.

மாடிவீடு
படிக்கட்டு லைட்தான். சுவிட்ச்சைப் போட்டதும் 221 காட்டுச்சு. மாடி பால்கனி லைட்டுக்கும் 218. ரெண்டுக்கும் நியூட்ரல் இழுத்தாச்சு, முந்தாநாள்ல இருந்து ஒரு தடவை கூட விழல. எல்லாருக்கும் நன்றி.

இ.எஸ்.பி_சேலம்
எர்த் அளந்தீங்களா? எவ்வளவு வந்துச்சு? இன்வெர்ட்டர் லைனுக்குத் தனி ஆர்.சி.சி.பி. போட்டாச்சா?

கரண்ட்கம்பம்
மாடிவீடு சார், அந்தப் பழைய பைபாஸ் ஜாயின்ட் வயரை டிபியில இருந்து முழுசா எடுத்துட்டாங்களான்னும் பார்த்துச் சொல்லுங்க. டேப் சுத்தி உள்ளேயே மடக்கி வெச்சிருந்தா, அடுத்து வர்றவர் அதையே திரும்ப மாட்டிடுவார்.