பேஸுக்கு லூப்பர் பெடல்: எடுத்தவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

நாலுகம்பி, களியக்காவிளை

லூப்பர்னா நாம வாசிச்சதைப் பதிஞ்சு திரும்பத் திரும்பச் சுத்த விடற கால் பெடல். கித்தார்காரங்களுக்கு அதைப் பத்திச் சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க. பேஸ் கித்தார் வாசிக்கறவனை யாரும் கண்டுக்கறதில்லை. அதான் நானே ஆரம்பிச்சு வைக்கிறேன், வாசிக்கறவங்க வந்து சேர்த்துட்டுப் போங்க.

எனக்கு வேலை ரெண்டு பக்கமும். இங்கே மார்த்தாண்டம், கருங்கல் வட்டாரத்துல சர்ச் திருவிழா. செக்போஸ்ட் தாண்டினா பாறசாலை, நெய்யாற்றின்கரைல அம்பலத்து (கோயில்) உத்சவம், கானமேளான்னு சொல்ற பாட்டுக் கச்சேரி. இப்போ நாங்க போறது சின்ன செட்டு. கீபோர்டு, டிரம்ஸ், நான், பாடறவங்க ரெண்டு பேர். கித்தார் கிடையாது. இன்டர்லூட்ல கித்தார் பிட் வந்தா அதை நான்தான் மேல் ஃபிரெட்ல, உசந்த நோட்டு வர்ற கட்டைல, வாசிக்கணும். நான் மேலே ஏறினா அடியில ஆள் இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் லூப்பர் பார்த்தேன்.

திருவனந்தபுரத்துல ஒரு கடைக்கு என் பேஸையே தூக்கிட்டுப் போனேன். கடைப் பையன் எடுத்ததும் எவ்வளவு நேரம் பதியலாம்ங்கற கணக்குதான் சொன்னான். டிசி எலக்ட்ரானிக் டிட்டோன்னா 5 நிமிஷம், பாஸ் ஆர்சி-1 வந்து 12 நிமிஷம், என்யூஎக்ஸ் லூப் கோர் 6 மணி நேரம், ஆர்சி-5 எடுத்தா 13 மணி நேரம். இதுல மயங்காதீங்க. நிமிஷத்துக்கு 120 அடி டெம்போவுல நாலடித் தாளத்துக்கு 8 பார் (எட்டு தாளச் சுத்து) எவ்வளவு நேரம் ஓடும்? 16 செகண்ட். மணிக்கணக்கெல்லாம் வீட்டுல பதிஞ்ச டிராக்கை மேடையில ஓட விடறவங்களுக்குத்தான் வேணும்.

நான் பார்த்த ஒரே விஷயம், எப்படி நிக்குதுன்னு. ஒத்தை பட்டன் பெடல்ல நிறுத்தணும்னா டக்டக்குன்னு ரெண்டு தடவை மிதிக்கணும். முதல் மிதியில ஓவர்டப் (லூப் மேல இன்னொரு லேயர் பதியறது) திறந்துக்கும், ரெண்டாவது மிதியிலதான் நிக்கும். ரெண்டு மிதிக்கும் நடுவுல லூப் ஒரு துண்டு ஓடிப் போயிருக்கும். கித்தார்ல இது தெரியாது. கானமேளால பாட்டு முடியறப்போ எல்லாரும் ஒரே வெட்டா வெட்டி நிறுத்துவோம் பாருங்க, அங்கே டிரம்ஸும் கீபோர்டும் நின்ன பிறகு பேஸ் மட்டும் "தும்"னு ஒரு அடி மிச்சம் நின்னா மைதானம் பூரா கேக்கும். சப் வூஃபர்ல வர்றது அது மட்டும்தானே!

அதனால ஒரே மிதியில நிக்கற வழி உள்ள பெடலா தேடினேன். டிட்டோ எக்ஸ்2-ல ரெண்டாவது ஸ்விட்சை ஸ்டாப்புக்கு வச்சுக்கலாம். சின்ன டிட்டோல வெளி ஸ்விட்ச் மாட்ட ஓட்டையே கிடையாது. ஆர்சி-1-ல உண்டு, தனி ஃபுட்ஸ்விட்ச் வாங்கி மாட்டினா ஸ்டாப்பை அதுக்குக் கொடுத்துடலாம். நான் ஆர்சி-1 எடுத்தேன். சுத்தி வர்ற லைட்டு வட்டம் எனக்குப் பிடிச்சுது, லூப் எந்த இடத்துல ஓடிட்டிருக்குன்னு இருட்டு மேடையிலயும் கண்ணுக்குத் தெரியும்.

அஞ்சுகம்பி, செங்கோட்டை

அண்ணாச்சி சொன்னதெல்லாம் மேடைக் கணக்கு. நான் மேடைக்குக் கொண்டு போறதில்லை, வீட்டுல சாதகத்துக்குத்தான். என் பிரச்சனை வேற.

அஞ்சு கம்பி பேஸ்ல அடி பி கம்பி 31 ஹெர்ட்ஸ் பக்கம், ஈ கம்பி 41 ஹெர்ட்ஸ். இதுல ஒரு லேயர் போடுங்க, நல்லா இருக்கும். அதே ஏரியாவுல ரெண்டாவதும் மூணாவதும் போட்டா மொத்தமும் குழம்பிப் போய் எந்த நோட்டுன்னே தெரியாது. பெடலைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனமில்லை, எந்தப் பெடலா இருந்தாலும் அப்படித்தான். நான் இப்போ வச்சிருக்கற பழக்கம்: அடி லேயர் ஒண்ணே ஒண்ணு, அதுவும் இடைவெளி விட்டு. அடுத்தது 12-ஆம் ஃபிரெட்டுக்கு மேலதான். மூணாவது லேயர்ல நோட்டே கிடையாது, இடது கையால கம்பியை மூடிக்கிட்டு வலது கையால சும்மா தட்டறது. அது டிரம்ஸ் மாதிரி நடைய பிடிச்சுக்கும்.

ஆக்டிவ் பேஸ் (உள்ளேயே பேட்டரி போட்ட ப்ரீஆம்ப் இருக்கறது) வச்சிருக்கறவங்க ஒண்ணு கவனிங்க. ப்ரீஆம்ப்ல அடிச் சத்தத்துக்கான குமிழை ஏத்தி வச்சுட்டு ஓங்கி இழுத்தா சில பெடல்களோட இன்புட் தாங்காது, கரகரன்னு உடையும். லைவா வாசிக்கறப்போ தெரியாது. டிட்டோ மாதிரி பெடல்ல நம்ம நேரடி சவுண்டு டிஜிட்டலுக்குள்ள போகாமலே வெளியே வந்துடும், பதிவு மட்டும்தான் உள்ளே போகும். அதனால கடையில நம்ம வாசிப்பை மட்டும் கேட்டு முடிவு பண்ணாதீங்க. பதிஞ்சு, கையை எடுத்துட்டு, லூப்பை மட்டும் கேளுங்க.

அடுத்து அந்த "டப்" சத்தம். லூப்போட முனையும் தொடக்கமும் சேர்ற இடத்துல வரும். அடி ஈ-ல ஒரு அலை சுத்தி வரவே கிட்டத்தட்ட 24 மில்லி செகண்ட் ஆகும். நோட்டு முழங்கிட்டு இருக்கறப்போ மிதிச்சா அலையை நடுவுல வெட்டறோம், முனை சேராது. மிதிக்கறதுக்கு ஒரு நூல் முன்னாடி கம்பியை அமுக்கிடுங்க, சத்தம் போயிடும். நோட்டு தொடர்ந்து முழங்கத்தான் வேணும்னா வேற வழி: முதல் சுத்துல வெறும் மூடின தட்டலைப் பதிஞ்சு நீளத்தை முடிவு பண்ணிட்டு, முழங்கற நோட்டை ஓவர்டப்ல போடுங்க. ஓவர்டப்பை லூப் முனையில நிறுத்தணும்னு கட்டாயமில்லையே.

சாதகத்துக்கு நான் அதிகம் பண்றது சுருதி. ஈ கம்பியில 12, 7, 5 மூணு ஃபிரெட்லயும் கம்பியை அமுக்காம லேசாத் தொட்டு ஹார்மோனிக் எடுத்தா ச, ப, மேல் ச வந்துடும். 82, 124, 165 ஹெர்ட்ஸ், குழம்பற ஏரியாவுக்கு மேலயே நிக்குது. அந்தப் பஞ்சமம் ஃபிரெட்ல அமுக்கற பஞ்சமத்தை விட மயிரிழை சுத்தமாவும் இருக்கும். இதைப் பதிஞ்சு ஓட விட்டுட்டு மேல கல்யாணியோ மோகனமோ மெதுவா ஏறி இறங்கிப் பாருங்க. விரல் எங்கே பிசகுதுன்னு சுருதிப்பெட்டி மாதிரி காட்டிக் கொடுத்துடும்.

இது புதுசும் இல்லை. பேஸ் வாசிச்ச ஜேக்கோ பாஸ்டோரியஸ் 70-களோட கடைசியில டிலே யூனிட்டை (எதிரொலி மாதிரி திருப்பிக் கொடுக்கற பெட்டி) வச்சு ஒரு வரியைச் சுத்த விட்டு, மேல சோலோ வாசிச்சுட்டு இருந்தார். அப்போ லூப்பர்னு தனிப் பெடல் ஏது.

குச்சி, நகரி

நான் டிரம்ஸ். பேஸ்காரங்க சபையில நுழைஞ்சதுக்கு மன்னிக்கணும்.

லூப்பர் வாங்கற அண்ணனுங்க யாராவது டிரம்மரைக் கேட்டீங்களா? லூப் ஓட ஆரம்பிச்ச நிமிஷத்துலேர்ந்து தாளம் என் கையில இல்லை, அந்தப் பெட்டி கையில. அது எனக்காக ஒரு இழை கூட நகராது, நான்தான் அதைக் கேட்டு ஓடணும். ஆனா எனக்கு அது கேக்கறதே இல்லை! திருத்தணி பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன்ல எனக்கு வச்சிருந்த மானிட்டர்ல எட்டு இன்ச் ஸ்பீக்கர். அதுல 41 ஹெர்ட்ஸ் எங்கேர்ந்து வரும்? பேஸ் அண்ணன் லூப்பை விட்டுட்டு மேல சுகமா வாசிக்கறார், நான் கீபோர்டு பையன் காலைப் பார்த்து வாசிச்சேன்.

ஒரு வேண்டுகோள். லூப் பதியறப்போ விரல் கம்பியில படற சத்தம் நல்லா விழற மாதிரி பதிங்க. நோட்டுக்கு நடுவுல ரெண்டு மூடின தட்டல் போடுங்க. சின்ன மானிட்டர்ல எனக்குக் கேக்கறது அது மட்டும்தான். பெடல் எந்தக் கம்பெனின்னாலும் எனக்கு ஒண்ணுதான்.

ஆல்தறை, கொழிஞ்சாம்பாறை

குச்சி சொன்னதைப் படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. எங்களுக்கு டிரம்மர் ஒருத்தர் இல்லை, செண்டைக்காரங்க ஒரு வரிசையே.

பாலக்காட்டுப் பக்கம் உத்சவத்துக்கு வயலின், பேஸ், செண்டை சேர்த்து ஃப்யூஷன் கேக்கறாங்க. மேளம் கேட்டவங்களுக்குத் தெரியும், அது ஒரே வேகத்துல நிக்கற சங்கதியே இல்லை. செண்டை மேளத்துல ஒரு வகையான பஞ்சாரி மேளத்தை எடுத்துக்குங்க. முதல் காலத்துல ஒரு தாளச் சுத்துக்கு 96 அட்சரம், அப்புறம் 48, 24, 12, கடைசியில 6. காலம் மாறறப்போ மட்டும் வேகம் ஏறலை, ஒரு காலத்துக்கு உள்ளேயே கொஞ்சம் கொஞ்சமா இறுகிக்கிட்டே போகும். மேடையில அதைச் சுருக்கித்தான் வாசிப்பாங்க, ஆனா அந்த ஏத்தம் மாறாது. அதுலதான் ஜனம் கையைத் தூக்குது. இதுக்கு அடியில நாலு பார் லூப்பைப் போட்டு என்ன பண்ண?

ரிகர்சல்ல மூத்த சேட்டன் ஒருத்தர் என் லூப்பைக் கொஞ்ச நேரம் கேட்டார். கோலைக் கீழே வச்சுட்டு, "இது ஏறாதோ?"ன்னார். ஏறாது சேட்டா. "அப்போ இது தாளம் பிடிக்க வேண்டாம், சும்மா நிக்கட்டும்."

அதைத்தான் இப்போ செய்யறேன். தாளமே இல்லாத லூப். பேஸோட வால்யூம் குமிழை மூடிட்டு கம்பியைத் தட்டி, மெதுவாத் திறந்தா நோட்டு தொடக்கமில்லாம ஊதின மாதிரி வரும். ச, ப ரெண்டையும் அப்படி ஒண்ணு மேல ஒண்ணா நீளமாப் பதிஞ்சு விட்டுடறேன். அதுல அடியே இல்லாததால செண்டை எவ்வளவு வேகம் போனாலும் முட்டாது. நான் மட்டும் கையால மேளத்தோட ஓடுவேன். குறுங்குழல் (மேளத்தோட ஊதற சின்னக் குழல்) உள்ளே வர்ற இடம்னா சுருதியை அதோட முன்கூட்டியே சேர்த்து வச்சுக்கணும், இல்லாட்டி விடாம நிக்கற என் லூப் குத்திக் காட்டும்.

இந்த வேலைக்கு ஸ்டாப் ஸ்விட்ச் எனக்கு முக்கியமில்லை. லூப்பருக்குப் பின்னாடி ஒரு வால்யூம் பெடல், அவ்வளவுதான். ஓவர்டப் எத்தனை போட்டாலும் பழைய லேயர் மங்காம இருக்குதான்னு மட்டும் பார்த்து எடுத்தேன்.

மைக்செட், குழித்துறை

நாலுகம்பியை எனக்கு நேர்ல தெரியும், அவர் பெடலை வச்சு நான் திட்டினதில்லை. வேற ஒரு செட்டுல நடந்தது இது. பேஸ் ஆம்ப்போட எஃபெக்ட்ஸ் லூப்ல (ஆம்ப்புக்கு நடுவுல பெடலைச் செருகற இடம்) லூப்பரை மாட்டியிருந்தாரு. ஆம்ப் பின்னாடி இருக்கற டிஐ-லேர்ந்து (மிக்ஸருக்குப் போற அவுட்புட்) நான் லைன் எடுத்தேன். அந்த டிஐ பட்டன் "ப்ரீ"ல இருந்துச்சு, அதாவது லூப்பருக்குப் போறதுக்கு முன்னாடியே சவுண்டை எடுத்துடும். மேடையில எல்லாருக்கும் லூப் கேக்குது, அவரு மேல சோலோ வாசிக்கறாரு, ஜனத்துக்கு வெறும் கிச்கிச்னு மேல் ஃபிரெட் மட்டும். அடியில ஒண்ணுமே இல்லை. சவுண்டு செக்ல ஒரு தடவை லூப்பை ஓட விட்டிருந்தா அப்பவே பிடிச்சிருப்பேன். பெடல் போர்டுல லூப்பரைக் கடைசியா வச்சு, அதுலேர்ந்து டிஐ பாக்ஸுக்கு வந்துட்டு அப்புறம் ஆம்ப்புக்குப் போங்க. இந்தச் சங்கடமே வராது.

இன்னொண்ணு கரண்டு. நம்ம ஊர் திருவிழான்னா ஜெனரேட்டர்தான். ஒரே அடாப்டர்ல வயரைப் பிரிச்சுப் பிரிச்சு அஞ்சு பெடலுக்குக் கொடுப்பாங்க, நடுவுல லூப்பர் மாதிரி டிஜிட்டல் பெடல் ஒண்ணு இருந்தா விசில் மாதிரி ஒரு சத்தம் கூடவே வரும். லூப்பருக்கு மட்டுமாவது தனி அடாப்டர் வைங்க. 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். மாத்திச் செருகிட்டு எங்கிட்ட வராதீங்க.

லெவலும் பார்த்துக்கோங்க மக்கா. லூப்ல ஓடற அதே நோட்டை மேல அப்படியே வாசிச்சா 6 டெசிபல் வரைக்கும் ஏறும். லூப் குமிழைக் கொஞ்சம் கம்மி பண்ணி வச்சா என் சப்பு பிழைச்சுக்கும்.

கொயர், மார்த்தாண்டம்

பட்ஜெட்காரங்களுக்கு நான். எங்க சர்ச் கொயர்ல இருக்கற லூப்பர் பழசா வாங்கினது, பேர் வேண்டாம். நம்ம பக்கம் ஆடி மழையும் ஐப்பசி மழையும் ரெண்டும் உண்டு, ஈரம் விட்டுப் போற மாசமே கம்மி. பழசு வாங்கறப்போ ஜாக்குக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, பச்சை பிடிச்சிருந்தா விட்டுடுங்க. அப்புறம் ஸ்விட்சைக் கையால அமுக்கிப் பார்க்காதீங்க, செருப்பில்லாம காலால மிதிச்சுப் பாருங்க. ஒரு மிதி ரெண்டாப் பதியுதான்னு அப்போதான் தெரியும். ஒரு மிதி ரெண்டாப் போனா ஓவர்டப் திறக்க வேண்டிய இடத்துல லூப் நின்னுடும், நடுப் பாட்டுல.

நாங்க ஆராதனையில லூப்பரைப் பாட்டுக்குத் தொடறதே இல்லை. காணிக்கை நேரத்துல மட்டும் மெல்லிசா ஓடும்.

நாலுகம்பி, களியக்காவிளை

இன்பாக்ஸ்ல ரெண்டு மூணு பேர் ஆர்சி-1-க்கு எந்த ஃபுட்ஸ்விட்ச்னு கேட்டிருக்காங்க, இங்கேயே சொல்லிடறேன். பாஸ் எஃப்எஸ்-5யூ போதும். பேருக்குக் கடைசியில யூ இருக்கணும், கேட்டியளா. எஃப்எஸ்-5எல்-னு ஒண்ணு பக்கத்துலயே வச்சிருப்பாங்க, பார்க்க அச்சு அசல் அதேதான், ஆனா ஒரு மிதிக்கு ஆன், மறு மிதிக்கு ஆஃப்னு பூட்டிக்கற ரகம். ஸ்டாப்புக்கு அது வேண்டாம். ஸ்டாப்பும் அண்டூவும் (கடைசியாப் பதிஞ்சதை எடுத்துடறது) ரெண்டும் வேணும்னா எஃப்எஸ்-6 எடுத்து ஸ்டீரியோ கேபிள் போடுங்க, மோனோ கேபிள்ல ஒரு ஸ்விட்ச்தான் வேலை செய்யும்.

குச்சி, உங்க வேண்டுகோள்படி மூடின தட்டல் போட்டுப் பார்த்தேன். எங்க டிரம்மர் மானிட்டர்ல இன்னும் கொஞ்சம் ஏத்தச் சொல்றார்.