கனடா ஸ்பொன்சர்: ஏஜென்சிக்கு முழுக்காசும் முதலே கட்டலாமோ? லோயர் பிடிக்கிறது எப்பிடி?

கோண்டாவில்காரன் (கேள்வி)

தங்கச்சிக்குப் போன மாசம் எழுத்து (விவாகப் பதிவு) முடிஞ்சுது. தாலிகட்டு வாற தையில. மாப்பிள்ளை கனடா ஸ்காபரோவில, பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) உள்ளவர், தங்கச்சியை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடப்போறார். ரவுணில ஒரு ஏஜென்சி முழுக்காசையும் முதலே கேக்கினம். லைசென்ஸ் எண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ர பேப்பரைக் காட்டினவை. ஈமெயில், பாஸ்வேர்ட் ரெண்டும் தங்கட கையிலதான் இருக்குமாம். 2019இல தங்கச்சிக்கு லண்டன் விசா மறுத்தவை, அதை எழுதத் தேவையில்லையாம். நம்பலாமோ?

சட்டப்புள்ளி

கட்டாதேங்கோ. அந்தப் பணியக லைசென்ஸ் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிறதுக்கு. கனடா ஸ்பொன்சருக்கு அது செல்லாது.

கனடாவின்ர குடிவரவுச் சட்டம் 91ஆம் பிரிவின்படி, காசு வாங்கி இந்த வேலை செய்யக்கூடியவை மாகாணச் சட்டச் சங்கத்தில பதிஞ்ச லோயர்மார், கியூபெக் நொத்தாரிசுமார், பிறகு ஆர்சிஐசி எண்ட லைசென்ஸ் உள்ள குடிவரவு ஆலோசகர்மார். வேற ஆருக்கும் உரிமை இல்லை, ஆள் யாழ்ப்பாணத்தில இருந்தாலும் சரி. ஆர்சிஐசிமாரின்ர பதிவேடு 2021 நவம்பரில துவங்கின ஆலோசகர் கல்லூரியின்ர (அவைக்கு லைசென்ஸ் குடுக்கிற அமைப்பு) இணையத்தளத்தில கிடக்கு. பேரைப் போட்டால் லைசென்ஸ் நடப்பில இருக்கோ, இடைநிறுத்தியிருக்கோ எண்டு காட்டும். ஒண்டு கவனியுங்கோ: இன்னொருவரின்ர உண்மையான இலக்கத்தைத் தங்கட விசிட்டிங் காட்டில அடிச்சு வைச்சிருக்கிறவையும் உண்டு. காட்டில உள்ள நம்பருக்கு எடுக்காமல் பதிவேட்டில உள்ள நம்பருக்கு எடுத்துக் கேளுங்கோ.

அடுத்தது ஐஎம்எம் 5476 போம், பிரதிநிதியை அறிவிக்கிற போம். காசு வாங்கிற பிரதிநிதியின்ர பேரும் உறுப்பினர் இலக்கமும் அதில வரவேணும். "அது தேவையில்லை" எண்டு சொல்லுற ஆள் ஒளிச்சு நிண்டு வேலை செய்யிற ஆள். பிழை வந்தால் கையெழுத்து வைச்ச தங்கச்சிதான் பதில் சொல்லவேணும். பாஸ்வேர்ட்டும் அவையிட்ட இருந்தால், கூடுதல் ஆவணம் கேட்டுக் கடிதம் வந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகும். அப்பிடியே நாள் கடந்து பைல் மூடப்பட்டிடும்.

லோயரை மாப்பிள்ளை அங்கையிருந்து பிடிக்கிறதுதான் சுகம். ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின்ர பரிந்துரைச் சேவையில விண்ணப்பிச்சால், ஒரு லோயரோட அரை மணித்தியாலம் வரைக்கும் இலவசமாக் கதைக்கலாம். பிடிச்சால் ஒப்பந்தத்தை எழுத்தில வாங்குங்கோ. கட்டணம் எத்தினை தவணை, அரசாங்கக் கட்டணம் அதுக்குள்ளயோ புறம்பாயோ, அதிகாரி சந்தேகக் கடிதம் அனுப்பினால் பதில் எழுதிறதும் சேருமோ எண்டு கேளுங்கோ. பிறகு சண்டை வாறது அந்தக் கடைசி விசயத்திலதான்.

வடமராட்சியான்

லண்டன் மறுப்பைக் கட்டாயம் எழுதுங்கோ. எந்த நாட்டிலயாவது விசா மறுத்ததோ எண்டு போமிலயே கேள்வி இருக்கு. கனடாவும் பிரித்தானியாவும் தகவல் பரிமாறுறவை. மறைச்சது பிடிபட்டால் அதே சட்டத்தின்ர 40ஆம் பிரிவு, 5 வருசம் கனடாப் பக்கம் போகேலாது. மறுப்பை மட்டும் வைச்சு ஸ்பொன்சரை நிப்பாட்ட மாட்டினம். மறுப்புக் கடிதத்தின்ர கொப்பியோட ரெண்டு வரி விளக்கம் வையுங்கோ.

எழுத்து விசயம் இன்னும் முக்கியம். எங்களுக்குத் தாலி கட்டினால்தான் கலியாணம். கனடாவுக்கு விவாகப் பதிவுத் திகதிதான் கலியாணத் திகதி. தாலிகட்டு தையில எண்டு இப்ப எந்தப் போமிலயும் "மணமாகாதவர்" எண்டு போட்டிடாதேங்கோ. மாப்பிள்ளை எழுத்துக்கு முதலே பிஆர் எடுத்தவரோ எண்டும் பாருங்கோ. எழுத்துக்குப் பிறகு தனியாள் எண்டு சொல்லி லாண்ட் பண்ணியிருந்தால் (பிஆராக் கனடாவில இறங்கியிருந்தால்), சாதாரணமா அவரால தங்கச்சியை ஸ்பொன்சர் பண்ணேலாது. அவரே முதல் கலியாணத்தில ஸ்பொன்சராகிப் போனவரெண்டால், பிஆர் கிடைச்ச நாளிலயிருந்து 5 வருசம் போகவேணும்.

இப்பவே போடலாம், ஆனால் தாலிகட்டுப் படங்களோட போடுறது பலம். ரெண்டு பக்கத்துச் சொந்தமும் இல்லாமல் பதிவுப் பேப்பர் மட்டும் போனால், கலியாணம் உண்மையோ எண்ட கேள்வி கிளம்பும்.

கச்சேரியடி

பேப்பர் வேலை: பிறப்பு, விவாகப் பத்திரங்களைப் பிரதேச செயலகத்தில புதுசா எடுங்கோ. தமிழில இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேணும், சொந்தக்காரர் செய்தால் ஏற்கமாட்டினம், தகுதியுள்ளவராயிருந்தாலும். தகப்பன் பேர் ஒரு பத்திரத்தில முன்னால முழுசா, மற்றதில முதலெழுத்தாச் சுருங்கி நிண்டால், ரெண்டும் ஒரே ஆள் எண்டு சமாதான நீதவானிட்டச் சத்தியக்கடதாசி முடியுங்கோ. பொலிஸ் அறிக்கை விண்ணப்பம் போடுற நாளுக்கு 6 மாசத்துக்கு உட்பட்டதா இருக்கவேணும், அதால அவசரப்பட்டு எடுக்காதேங்கோ. மெடிக்கலும் கனடாக் குடிவரவுப் பகுதி சொன்னாப் பிறகு, அவையின்ர பட்டியல் டொக்டரிட்ட மட்டும்.

கோண்டாவில்காரன்

பெரிய உதவி. மாப்பிள்ளை லாண்ட் பண்ணினது 2017. தாலிகட்டுக்கு வந்து ஆறு மாசம் நிக்கப்போறாராம், அது பரவாயில்லையோ?

சட்டப்புள்ளி

பிஆர் ஆள் கனடாவில வசிச்சுக்கொண்டுதான் ஸ்பொன்சர் பண்ணவேணும். சிட்டிசனுக்கு மட்டும் அதில விலக்கு. கலியாணத்துக்கு வந்து சில கிழமை நிக்கலாம். ஆறு மாசம் நிண்டால் அங்கை வசிக்கிறாரோ எண்டு கேப்பினம். வேலை, வாடகை ஒப்பந்தம் ரெண்டையும் விடாமல் வரச்சொல்லுங்கோ.