புதுப்பிப்பு: ஆர்எக்ஸ்-7 ஹோஸ்கள் பழையபடி கம்பெனி அமைப்புக்கு

என் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி காரில், கம்பெனி அமைப்பில் முதலில் ஒரு டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) ஓடும், வேகம் ஏறியதும் இரண்டாவது சேரும். முந்தைய உரிமையாளர் இதைக் கட்டுப்படுத்தும் வேக்குவம் ஹோஸ்களில் (காற்றழுத்தம் கடத்தும் சின்னக் குழாய்கள்) பாதியைப் பிடுங்கிவிட்டு, இரண்டு டர்போவும் எப்போதும் சேர்ந்தே ஓடும்படி மாற்றியிருந்தார். அதைத் திருப்பலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். திருப்பியாயிற்று.

மிச்சமிருந்த பழைய ரப்பர் ஹோஸ்கள் தொட்டதுமே அப்பளம் மாதிரி நொறுங்கின. எல்லாவற்றையும் 4 மில்லிமீட்டர் சிலிக்கான் ஹோஸாக மாற்றினேன். ஒவ்வொரு முனையிலும் எண் எழுதிய டேப். ஒருவழி வால்வுகளை வாயால் ஊதிப் பார்த்துத்தான் மாட்டினேன். ஒன்று திரும்பி உட்கார்ந்தாலும் இரண்டாம் டர்போ ஒழுங்காகச் சேராது.

அப்படியும் முதல் ஓட்டத்தில் டர்போ அழுத்தம் 10 பிஎஸ்ஐ வர வேண்டிய இடத்தில் 7தான் வந்தது. இரண்டு நாள் கசிவு தேடி அலைந்தேன். கடைசியில் பார்த்தால், வேஸ்ட்கேட்டை (டர்போ அழுத்தம் எல்லை மீறாமல் புகையைத் திருப்பிவிடும் கதவு) திறக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் ஹோஸுக்குள் இருக்க வேண்டிய, அரிசி மணி அளவு துளைக்கட்டை (நடுவில் நுண்துளையுள்ள அடைப்பு) இல்லை. பழைய ஹோஸோடு குப்பைக்குப் போயிருந்தது. அது இல்லாவிட்டால் முழு அழுத்தமும் ஆக்சுவேட்டருக்குப் போய், வேஸ்ட்கேட் சீக்கிரமே திறந்துவிடும். பழைய ஹோஸை எறியாதே என்று இங்கே ஒருவர் சொன்னதைக் கேட்டிருக்கலாம்.

புதியதைப் போட்டதும் சரியாகிவிட்டது: 10, சுமார் 4500 ஆர்பிஎம்மில் இரண்டாவது டர்போ சேரும்போது 8க்கு ஒரு சறுக்கல், மறுபடி 10. அந்தச் சறுக்கல்கூட இப்போது பிடித்திருக்கிறது. கழற்றிய பாகங்கள் விற்பனைக்கு இல்லை, கேட்க வேண்டாம்.