வயதானவர்கள் வீட்டில் ஓடும் கருவிகள்: மாணவர்களுக்கு எங்கிருந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பிப்பது?

அரசலாற்றங்கரை (கேள்வி)

கும்பகோணம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினித் துறையில் பாடம் எடுக்கிறேன். அடுத்த பருவத்தில் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு 30 மணி நேர வகுப்பு ஒன்று என் தலையில் விழுந்திருக்கிறது. வயதானவர்கள் கடைசிவரை சொந்த வீட்டிலேயே இருக்க உதவும் கருவி, செயலி இதையெல்லாம் அவர்களே கையாளும்படி வடிவமைப்பதுதான் பாடம். வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள் நாலைந்து பேரும், இ-சேவை மையத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேரும் சனிக்கிழமைகளில் வந்து உட்காருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

போன வருடப் புராஜெக்ட் கண்காட்சியில் பதினொரு குழுவில் ஏழு குழு செய்திருந்தது ஒரே சரக்கு: பாட்டி விழுந்தால் மகனுக்குத் தகவல் போகும். அதில் ஒன்றை வாங்கி, வலங்கைமானில் தனியாக இருக்கும் என் மாமியார் கழுத்தில் மாட்டிவிட்டோம். முதல் ராத்திரியே புரண்டு படுத்ததில் பட்டன் அமுங்கி, இங்கே மணி ஒன்றரை, சிங்கப்பூரில் நாலு, என் கொழுந்தனார் பதறியடித்துப் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி, அவர் டார்ச்சோடு வந்து கதவைத் தட்ட, அத்தை திருடன் என்று நினைத்து இன்னும் பயந்துபோனார். மறுநாள் அதைக் கழற்றி சாமி அலமாரி ஆணியில் மாட்டியவர்தான், இன்றுவரை தொடவில்லை. குளிக்கப் போகும்போது மட்டுமாவது போடுங்கள் என்றால், நனைந்துவிடும் என்கிறார். அவர் வழுக்கி விழக்கூடிய இடம் என்று ஒன்று இருந்தால் அது அந்தக் குளியலறைதான்.

இணையப் பக்கங்களை எல்லாராலும் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்கான சர்வதேச விதித்தொகுப்பு டபிள்யூ.சி.ஏ.ஜி., அந்த நெறிமுறைகளை வைத்து ஒரு பாடத்திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதை மட்டும் நடத்தினால், சோதனைக் கருவியில் பச்சை டிக் விழுந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். மங்கலான கண்ணாடி, முழங்காலில் கட்டு எல்லாம் போட்டு முதுமையை அனுபவிக்க வைக்கும் பயிற்சி உண்டே, அது உதவுமா? 1979இல் பாட்ரிசியா மூர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தன் 26ஆம் வயதில் கிழவி வேடம் போட்டு ஊர் ஊராகச் சுற்றியதைப் படித்திருக்கிறேன். அல்லது பெரியவர்களையே வகுப்புக்கு அழைத்துவிடலாமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மன்னார்குடிக்காரன்

மேடம், நான் சென்னையில் அணுகல்தன்மைச் சோதனை வேலையில், அதாவது பார்வை, கை, காது குறைந்தவர்களாலும் ஒரு செயலியைப் பயன்படுத்த முடிகிறதா என்று பார்க்கும் வேலையில் இருக்கிறேன், ஒன்பது வருடமாக இதுதான் சோறு. டபிள்யூ.சி.ஏ.ஜி.யைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அக்டோபர் 2023இல் வந்த 2.2 பதிப்பில் புதிதாகச் சேர்ந்தவை பலவும் பெரியவர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல், இழுத்துத்தான் ஆக வேண்டும் என்ற இடத்தில் வெறுமனே தொட்டும் முடிக்க வழி, ஒரே விவரத்தை இரண்டு முறை கேட்காமல் இருப்பது, உள்ளே நுழைய ஞாபகசக்தியைச் சோதிக்காமல் இருப்பது. இதை விதி எண் போட்டு நடத்தினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். ஆளைக் காட்டி நடத்துங்கள்.

என் அப்பாவுக்கு 74. ஓ.டி.பி. வந்ததும் திரையின் உச்சியில் ஒரு பட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அவர் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் அது போய்விட்டது. மெசேஜைத் தேடித் திறந்து, பால் கணக்கு நோட்டில் ஆறு எண்ணையும் எழுதிக்கொண்டு, கட்டைவிரலால் ஒவ்வொன்றாக மறைத்துச் சரிபார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், ஃபாரம் முதலிலிருந்து நிற்கும். நேரம் முடியப்போகிறது என்றால் முன்கூட்டிச் சொல்லி, ஒரே தொடுதலில் நீட்டிக்க 20 வினாடியாவது கொடுக்க வேண்டும் என்பது பழைய பதிப்பிலேயே உள்ள விதி. அதன் அர்த்தம் அந்தப் பால் நோட்டைப் பார்த்தவனுக்குத்தான் புரியும்.

அப்புறம் தமிழ். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், நீங்கள் சொல்லிக்கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கினால் ‘சமர்ப்பிக்கவும்’ பொத்தான் ‘சமர்ப்’ என்று பாதியில் நிற்கும், ஏனென்றால் அகலத்தை ‘சப்மிட்’ என்ற ஆறெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வைத்திருப்பார்கள். வரி உயரத்தை இறுக்கிக் கட்டினால் ‘கி’யின் மேல் வளைவும் ‘கு’வின் கீழ்ச் சுழியும் வெட்டுப்படும். பக்கத்தின் மொழிக்குறி ஆங்கிலம் என்றே கிடந்தால் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் தமிழைக் கண்டபடி உளறும். ‘சமர்ப்பிக்கவும்’ என்ற சொல்லே எதற்கு, ‘அனுப்பு’ என்றால் எந்தப் பாட்டிக்கும் தெரியும்.

முதல் வாரப் பயிற்சி ஒன்று: எல்லாரும் தங்கள் போனில் எழுத்தை உச்ச அளவுக்கு வைத்து, ஆண்ட்ராய்டு திரைவாசிப்பானான டாக்பேக்கை ஓடவிட்டு, திரையைப் பார்க்காமல் ஒரு மின்கட்டணம் கட்டட்டும். கணினிக்கு என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசம். இன்னொன்று, வெளிர்சாம்பல் எழுத்தை வைத்திருப்பவனை நண்பகல் முற்றத்து வெயிலில் நிறுத்தி அவன் செயலியை அவனையே படிக்கச் சொல்லுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற வண்ண மாறுபாட்டு விகிதம் அன்றைக்கு மனப்பாடம் ஆகிவிடும்.

வேலையில் இருப்பவர்களுக்கு இது மட்டும் போதாது, மேலாளரிடம் பேசுவதற்கு அவர்களுக்கு வேறு சரக்கு வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அணுகல்தன்மைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 17802 இரண்டையும் கையில் கொடுங்கள். தமிழ்நாட்டில் 60 வயது தாண்டியவர்கள் 2021 கணிப்பிலேயே 13.6 சதவீதம், கேரளாவுக்கு அடுத்து நாம்தான். இந்த எண்ணைச் சொன்னால் விற்பனைப் பிரிவு நிமிர்ந்து உட்காரும்.

வெண்ணாறு71

அம்மா, எனக்கு 71 வயது, அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவன், நீடாமங்கலம் பக்கம். நீங்கள் யாருக்காகச் செய்கிறீர்களோ அந்த ரகம், அதனால் சற்று உரிமையோடு சொல்கிறேன்.

மங்கல் கண்ணாடி வேண்டாம். பிள்ளைகள் ஒரு மணி நேரம் மாட்டிக்கொண்டு “ஐயோ பாவம்” என்று சொல்லிவிட்டுக் கழற்றி வைப்பார்கள். எங்களுக்குக் கண்ணும் காதும் ஒரே நாளில் போய்விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனபோது கூடவே ஏதாவது ஒரு உபாயமும் கண்டுபிடித்து வைத்திருக்கிறோம். என் வீட்டுக்காரி டிவி ரிமோட்டில் நாலு பட்டனை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மருந்துக்கடைப் பிளாஸ்திரி ஒட்டி மூடிவிட்டாள். ஐந்து வருடமாக அந்த ரிமோட்டால் இந்த வீட்டில் சண்டை இல்லை. உங்கள் பிள்ளைகள் பார்க்க வேண்டியது அந்தப் பிளாஸ்திரியைத்தான்.

உயிர்வாழ் சான்றிதழ் 2014இல் மின்னணு முறைக்கு வந்தபோது கைரேகை கேட்டார்கள். எங்கள் தெருவில் நாற்பது வருடம் நாற்று நட்ட அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் கட்டைவிரலில் ரேகை எங்கே இருக்கிறது, தேய்ந்து வழவழவென்று கிடக்கிறது. டச் போனும் அப்படித்தான், காய்ந்த விரலால் தொட்டால் தெரிந்துகொள்ளாது, அவர் எச்சில் தொட்டுத்தான் அழைப்பை எடுப்பார். 2021இல் முகத்தைக் காட்டினால் போதும் என்று வந்தது ஓய்வூதியர்களுக்கு நல்ல மாற்றம். அந்த மாதிரி விரலை உங்கள் வகுப்பில் யாராவது தொட்டுப் பார்த்திருக்கிறார்களா?

இன்னொரு விஷயம். என் மகன் கூடத்தில் கேமரா வைத்துவிட்டுப் போனான், பாசத்தில்தான். மூன்றாம் நாள் போன் செய்து, “அப்பா, படமே வரலையே” என்றான். துண்டு காய்கிறது என்றேன். இன்னமும் காய்ந்துகொண்டுதான் இருக்கிறது. காசு கொடுப்பவன் பெங்களூரில் இருக்கிறான், கருவியோடு குடித்தனம் பண்ணுபவன் நான். செய்கிறவர்கள் எல்லாரும் அவன் திரைக்குத்தான் செய்கிறார்கள்.

சோதனைக்கு எங்களைக் கூப்பிட்டால் பொன்னாடை போர்த்திப் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். ஆட்டோவுக்குக் காசும் அரை நாளுக்கு ஒரு தொகையும் கொடுங்கள், பிடிக்கவில்லை என்று சொல்லவும் விடுங்கள்.

தெற்குவீதி_பிசியோ

ஐயா சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். பாட்ரிசியா மூர் செய்தது ஒரு மணி நேர விளையாட்டு அல்ல, மூன்று வருடம், நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள். மூட்டு மடங்காத சிரமம் ஒரு பக்கம் இருக்கட்டும், கிழவி என்று பார்த்ததும் எதிரில் இருப்பவர் முகம் மாறியதைத்தான் அவர் பெரிதாகப் பேசினார். அதை வகுப்பறையில் கண்ணாடி மாட்டி வரவழைக்க முடியாது.

நான் தஞ்சாவூரில் வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை கொடுக்கிறவள். மேடம், வகுப்புக்கு யாரையும் அழைக்காதீர்கள், நீங்கள் போங்கள். பகலில் ஒரு தடவை, விளக்கு வைத்த பிறகு ஒரு தடவை. நம் பக்கத்துப் பழைய வீட்டில் கட்டிலிலிருந்து கழிவறைக்குப் போகும் வழியைப் பிள்ளைகள் வரையட்டும்: கூடம், முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான நிலைப்படி, ஐப்பசி மழையில் பாசி பிடித்த முற்றம், மறுபடி ஒரு படி, கொல்லை. பாதி வழியில் ஸ்விட்ச் இருக்காது, இருந்தாலும் கதவுக்குப் பின்னால் இருக்கும். எத்தனை அடி, எங்கே கையை ஊன்றுகிறார், எந்தச் சுவர் அழுக்காக இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சுவரில் கை பட்டுக் கறுத்த இடத்தில்தான் கைப்பிடிக் கம்பி வர வேண்டும். சென்சார் எல்லாம் அதற்கு அப்புறம்.

எழுந்து நடக்கும் சோதனை ஒன்று உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் என்று குறித்துக்கொள்வோம். இதைப் பிள்ளைகள் ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் ‘அழைப்பை எடுக்கவில்லை’ என்பதற்கு வேறு அர்த்தம் தெரியும்.

அவசர மணி வைத்தே ஆக வேண்டும் என்றால் பட்டனைச் சுவரில் வைக்காதீர்கள். விழுந்து கிடப்பவர் கை சுவரின் நடு உயரத்துக்கு எட்டாது. தரையைத் தொடுகிற மாதிரி ஒரு கயிறு தொங்க வேண்டும், இழுத்தால் மணி. நனைந்தால் ஒன்றும் ஆகாது.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்துவிட்டுப் போனபோது முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கம் பல ஊர்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது, செல்போன் கோபுரமும் படுத்துவிட்டது. கருவி செத்துக் கிடக்கிறதா, அம்மா நலமாகத்தான் இருக்கிறாரா, வெளியூரில் இருக்கும் மகனுக்கு இரண்டும் ஒரே அமைதியாகத்தான் தெரியும். இதற்குப் பதில் வைத்திருக்கும் குழுவுக்கு என் சார்பில் முழு மதிப்பெண்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் 2021இலிருந்து வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பார்க்கும் பெண்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். ஒருவரை ஒரு மணி நேரம் பேச வையுங்கள். எந்த வீட்டில் யார் மாத்திரையை எந்த டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார் என்பது வரை அவர்களுக்குத் தெரியும்.

கடைசி_பெஞ்ச்

மேடம், நானும் விழுந்தால் மெசேஜ் போகும் கருவி செய்தவன்தான், வேறு கல்லூரி. உண்மையைச் சொன்னால் எத்தனை சென்சார் என்று எண்ணித்தான் மார்க் போட்டார்கள். பாட்டியிடம் கொடுத்துப் பார்த்தாயா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மார்க் எதற்கு என்று நீங்கள் மாற்றினால் நாங்களும் மாறிவிடுவோம். இரண்டாவது தடவை போனபோது கருவி எங்கே இருந்தது, கழுத்திலா ஆணியிலா என்று பார்த்து மார்க் போடுங்கள்.

அரசலாற்றங்கரை (ஐந்து வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. கடைசி பெஞ்சுத் தம்பி சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன், நூற்றுக்கு நாற்பது இரண்டாம் வருகைக்கு. துறையில் கொஞ்சம் முணுமுணுப்பு இருக்கிறது, சரி, பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வீடாக என் மாமியார் வீட்டுக்கே நாலு பேரைக் கூட்டிப்போனேன். விழுந்துவிடுவோம் என்று பயமா பாட்டி என்று ஒரு பெண் கேட்டாள். அதெல்லாம் இல்லை, கொல்லையில் இருக்கும்போது கூடத்தில் போன் அடிக்கிறது, நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் நின்றுவிடுகிறது, எடுக்கவில்லை என்று அவன் பயப்படுகிறான், அவன் பயப்படுவானே என்று நான் ஓடுகிறேன், அப்படி ஓடித்தான் ஒருநாள் விழப்போகிறேன் என்றார். மூன்று வருடமாக அவர் மருமகளாக இருந்து வாராவாரம் போய் வரும் எனக்கு இது தெரியாது.

பிள்ளைகள் செய்தது இவ்வளவுதான். பழைய பட்டன் போனில் 2ஐ அழுத்திப் பிடித்தால் மகனுக்குப் போகும்படி வைத்தார்கள், தவறிய அழைப்பு இருந்தால் சின்னதாக ஒரு விளக்கு எரியும்படி கொல்லைக் கதவருகே ஒரு பெட்டியை மாட்டினார்கள். குளியலறையில் பிசியோ மேடம் சொன்ன கயிறு. அதைப் பார்த்ததும் அத்தை ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: இழுத்தால் முதலில் எதிர்வீட்டுப் பூக்காரம்மாவுக்கு அடிக்க வேண்டும், அவள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னால் மட்டும் சிங்கப்பூருக்கு. அந்த வரிசையை மாற்றும் வசதி மகனுடைய செயலியில்தான் இருந்தது. இப்போது அதைப் பெட்டிக்கே கொண்டுவர உட்கார்ந்திருக்கிறார்கள்.