ஆட்டோ எது, மேனுவல் எது? கொரிய எழுத்தை எங்கிருந்து தொடங்குவது?

ஷிஃப்ட்_பி:

ஒரகடம் பக்கம் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் கொரியாவிலிருந்து ஒரு பழைய பிரஸ் மெஷின் வந்து இறங்கியது. பேனல் முழுக்கக் கொரியன். மேலே ஒட்டிய இங்கிலீஷ் ஸ்டிக்கர் ஆயில் கை பட்டு இரண்டே வாரத்தில் உரிந்துவிட்டது. போன செவ்வாய் நைட் ஷிஃப்டில் ஆட்டோ என்று நினைத்து மேனுவலுக்குத் திருப்பிவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, லைன்தான் இருபது நிமிடம் நின்றது. காலையில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இங்கே கொரிய எழுத்தை ஒட்டினால் கட்டம் கட்டமாக வருகிறது, அதனால் வாயால் வரைகிறேன். இரண்டு சொல்லிலும் இரண்டிரண்டு பெட்டி. இரண்டாவது பெட்டி இரண்டிலும் ஒன்றேதான், அடியில் ஒரு வட்டம். முதல் பெட்டி, ஒன்றில் கூரை மாதிரி, கீழே ஆங்கில டி (T) எழுத்து. மற்றதில் கூரைக்கு மேலே ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கம்பம், கம்பத்துக்கு வலப்பக்கம் ஒரு ஆணி.

வீடியோ பார்த்தால் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் சொல்லித் தருகிறார்கள், குழப்பம்தான் மிச்சம். எனக்கு வயது 36. எழுத்து முதலிலா, சொல் முதலிலா?

சுவோன்_ரிட்டர்ன்:

அண்ணா, நான் கொரியாவில் சுவோன் நகரில் மூன்று வருடம் இருந்துவிட்டு வந்தவள். வெறும் கூரை ஸ. ஆங்கில டி போல் இருப்பது உ. சேர்ந்தால் சு. கூரைமேல் கோடு போட்டால் ஜ, ஆணி அடித்த கம்பம் ஆ. சேர்ந்தால் ஜா. வட்டம் கடைசியில் வந்தால் ங். (முதலில் வந்தால் அதற்கு ஒலியே கிடையாது, உயிரெழுத்துக்கு இடம் பிடிக்கிற துண்டு மாதிரி.) ஆக, 'சுதொங்' மேனுவல், 'ஜாதொங்' ஆட்டோ. தொங் என்றால் இயக்கம், சு கை, ஜா தானே. உங்கள் கம்பெனி செய்கிற காருக்கு அங்கே பெயர் ஜாதொங்ச்சா. ஒரு பெட்டி தெரிந்தால் நாலு சொல் கிடைக்கும். அதனால் எழுத்துதான் முதலில்.

இங்கிலீஷ் எழுத்து வழியாக மட்டும் போகாதீர்கள். நான் போய் இரண்டு மாதம் வீணாக்கினேன். நம் பத்திரிகைகள் 'சியோல்' என்று எழுதுவதே அந்த ஸ்பெல்லிங் செய்த வேலை. அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'சொ-உல்' என்பார்கள், அந்த ஒ-வுக்கு உதடு குவியாது. ஒ சொல்லப் போய், உதட்டைச் சும்மா விட்டுவிட்ட மாதிரி ஒரு ஒலி.

இன்னொரு உயிரெழுத்து வெறும் படுக்கைக் கோடு. அதற்கு ஆசிரியை பல்லைக் கடித்துக் காட்டினார், இழுத்துக் காட்டினார், வகுப்பில் ஒருவருக்கும் வரவில்லை. ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தபோது பிடிபட்டது. நாம் 'பஸ்ஸு' என்று சொல்லும்போது கடைசியில் நிற்கிற உ இருக்கிறதே, அதுதான். அவர்களும் பஸ்ஸை ஏறக்குறைய அப்படித்தான் முடிக்கிறார்கள். பள்ளியில் குற்றியலுகரத்துக்கு நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே சொல்லமாட்டேன்.

அடிப்படை மெய் 14, உயிர் 10. மெய்யெழுத்தின் உருவம் சும்மா வந்ததில்லை. ம ஒரு சதுரம், அது வாய். ந என்பது நாக்கு நுனி மேலே தொட்டு நிற்கிற கோலம், பார்க்க நம் ட போல இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ப மட்டும் நமக்குச் சலுகை. நம் ப-வின் நடுவே ஒரு குறுக்குக் கோடு, அவ்வளவுதான். இன்று பேனலில் சிவப்பு பட்டனைப் பாருங்கள். 'பிசாங் ஜொங்ஜி' என்று நாலு பெட்டி இருந்தால், முதல் எழுத்து அந்தக் கோடு போட்ட ப. அவசர நிறுத்தம். எது தெரியாவிட்டாலும் இது தெரிய வேண்டும்.

செஜொங் மன்னர் 1443-ல் எழுத்தை உருவாக்கி 1446-ல் வெளியிட்டார். அறிவாளி ஒரு காலைப்பொழுதுக்குள் கற்பான், மந்தமானவனுக்கும் பத்து நாள் போதும் என்று எழுத்தை விளக்க அப்போது வந்த நூலின் பின்னுரையிலேயே இருக்கிறது. எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது.

தமிழய்யா:

தம்பி, ஓய்வுக்குப் பிறகு பேத்தியோடு சேர்ந்து நானும் படிக்கிறேன். கடலில் முதல் க-வும் பகலில் நடு க-வும் ஒரே எழுத்து, ஒலி வேறு அல்லவா? கொரியனிலும் க, த, ப, ஜ நாலும் சொல் முதலில் வன்மையாகவும் இரண்டு உயிருக்கு நடுவே மென்மையாகவும் ஒலிக்கும். இங்கிலீஷ்காரனுக்கு இதற்குத் தனிப்பாடம் வேண்டும், நமக்கு வேண்டாம். நன்றிக்குக் 'கம்சாஹப்னிதா' என்று எழுதி 'ஹம்னிதா' என்று படிப்பார்கள். கல்லும் மலையும் சேர்ந்து கன்மலை ஆவதைப் படித்தவனுக்கு அது புதிதில்லை.

வாக்கிய வரிசையும் நம்முடையதே, வினை கடைசியில். ஆனால் அப்பா, நாள், புல் எல்லாம் இரண்டிலும் ஒன்று, ஆகவே கொரியன் தமிழிலிருந்து வந்தது என்று வாட்ஸப்பில் வருவதை நம்பிவிடாதே. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் நூறு வருடத்துக்கு முன்பே ஒப்பிட்டு எழுதினார், இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. அந்தப் 'புல்'லிலேயே ஆபத்து இருக்கிறது. மூச்சை ஊதிச் சொன்னால்தான் புல். ஊதாமல் இயல்பாகச் சொன்னால் நெருப்பு. 'அப்பு' என்பதில் வரும் ப்பு போல இறுக்கிச் சொன்னால் மாட்டுக் கொம்பு. உள்ளங்கையை வாய்முன் வைத்துப் பழகு. பேத்தி இன்னும் என்னை ஃபெயில்தான் ஆக்குகிறாள்.

ஷிஃப்ட்_பி:

அக்கா, அய்யா, இரண்டு பேருக்கும் நன்றி. டீ பிரேக்கில் போய்ப் பார்த்தேன். சிவப்பு பட்டன் நீங்கள் சொன்னதேதான், கோடு போட்ட ப. ஹெல்ப்பர் பையனுக்கும் காட்டிவிட்டேன்.

ஒரே ஒரு உதவி. எங்கள் கொரிய சார் பெயர் புஜாங்நிம். அதைக் கொரியனில் எழுதி அவரிடம் காட்ட ஆசை. எப்படி எழுதுவது?

சுவோன்_ரிட்டர்ன்:

காட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள் அண்ணா, அது அவர் பெயரில்லை. புஜாங் என்றால் துறைத் தலைவர், நிம் என்பது நம் 'அவர்கள்' மாதிரி மரியாதைக்கு. அங்கே மேலதிகாரியைப் பதவி சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் கூப்பிட்டதில் தப்பேதும் இல்லை, ஏதாவது ஃபாரத்தில் பெயர் என்ற இடத்தில் எழுதியிருந்தால்தான் சிக்கல்.

எழுதுவது சுலபம். முதல் பெட்டியில் கோடு போட்ட ப, அடியில் ஆங்கில டி. இரண்டாவதில் உங்கள் பேனலில் இருக்கும் அதே ஜா, அடியில் வட்டம். மூன்றாவதில் நம் ட, பக்கத்தில் ஆணி இல்லாத கம்பம், அடியில் சதுரம்.

ஷிஃப்ட்_பி:

ஓவர்டைம் ஃபாரம். ஒரு வருடமாக.