இயா பள்ளத்தாக்கில் மனத்தைவிட்டு அகலாத சந்திப்பு: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மழைத்துளி எழுதியது:

ஜப்பானின் ஷிகோகு தீவில் இருக்கும் இந்த மலைப் பள்ளத்தாக்கின் கசுராபாஷி என்ற கொடிப் பாலத்தைப் பற்றியும் ஓபோகே படகுச் சவாரி பற்றியும் இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். வீட்டு வாசலிலும் சாலையோரத்திலும் ஆளுயரப் பொம்மைகள் உட்கார்ந்திருக்கும் நகோரோ என்ற சிற்றூரில் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். யாரிடமாவது சொன்னால்தான் மனம் ஆறும்.

தகமாட்சுவிலிருந்து காலையில் கிளம்பினோம். நான், மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். பாலம், சாப்பாடு, பிறகு 439ஆம் எண் சாலையில் ஊர்ந்து ஊர்ந்து நகோரோ போய்ச் சேர்ந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பொம்மைகளைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சாலையை ஒட்டிய ஒரு வீட்டின் முகப்புப் பலகையில் கிழவர் பொம்மை ஒன்று உட்கார்ந்திருந்தது. வைக்கோல் தொப்பி சரிந்து பாதி முகத்தை மறைத்திருந்தது. மகள் ஓடிப்போய்த் தொப்பியை நிமிர்த்தினாள். "தொடாதே, யாராவது திட்டப்போகிறார்கள்" என்று மனைவி சொல்லி வாய் மூடவில்லை, கீழே முள்ளங்கிப் பாத்தியிலிருந்து ஒரு பாட்டி மேலே ஏறி வந்தார்.

திட்டவில்லை. கழுத்துத் துண்டை எடுத்துப் பொம்மையின் கன்னத்தில் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். துணி முகம், வாயோரச் சுருக்கங்களை நூலால் இழுத்துத் தைத்திருந்தார்கள். தொப்பிக் கயிற்றைத் தாடைக்குக் கீழே எப்படி முடிவது என்று மகளுக்குக் காட்டிக்கொடுத்தார். இறுக்கினால் உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கி முகம் கோணிவிடுமாம். ஒரு விரல் நுழையும்படி விட வேண்டும். மகளையே முடியச் சொன்னார். அவள் முடிந்தாள்.

"இவர் யார்?" என்று மகள் கேட்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரர்."

"இப்போது எங்கே இருக்கிறார்?"

பாட்டி மேலே சரிவைக் காட்டினார். தேவதாரு மரங்களுக்கு நடுவே நாலைந்து கல்லறைக் கற்கள் தெரிந்தன. பிறகு மகளின் பெயரைக் கேட்டார். தமிழ்ப் பெயர் அவர் நாவில் எளிதாக வரவில்லை. சொல்லிச் சொல்லிப் பார்த்து, சரியாக வந்ததும் குனிந்து, காது மந்தமானவரிடம் சொல்வது போலப் பொம்மையின் காதருகே உரக்கச் சொன்னார்: "குழந்தை வந்திருக்கிறது. பெயர் இது." அவ்வளவுதான். மறுபடி பாத்திக்கு இறங்கிவிட்டார்.

"அந்தத் தாத்தாவுக்கு என் பெயர் தெரியும், அப்பா. மறுபடி எப்போது போகிறோம்?" என்று இன்னமும் கேட்கிறாள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் 2012-இல் மூடப்பட்டது. ஒரு குழந்தையின் பெயரைக் கேட்டுவைத்துக்கொள்ள அந்தப் பாட்டிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை வாய்க்கும்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கோபே கௌரி எழுதியது:

மழைத்துளி, படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் எனக்கு எதுவுமே ஓடவில்லை. நாங்கள் நகோரோ பக்கம் போகவில்லை. பேய் ஊர் என்று யாரோ சொன்னார்கள். பிள்ளைகள் பயந்து ராத்திரி தூங்கமாட்டார்கள் என்று பாலத்தோடு திரும்பிவிட்டோம். என் கதை பாலத்தின்மேல்தான்.

மாமியார் மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார். வயது எழுபதைத் தொடுகிறது. கரையில் உட்காருங்கள் என்றால் கேட்கவில்லை, "நானும் வருகிறேன்" என்று பிடிவாதம். போனவர்களுக்குத் தெரியும், குறுக்குக் கட்டைகளுக்கு நடுவே கால் உள்ளே போகும் அளவுக்கு இடைவெளி, 14 மீட்டர் கீழே ஆறு. உள்ளே இரும்பு வடம் ஓடுகிறது, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுக்கொடியால் கட்டுகிறார்கள், பயமே வேண்டாம் என்று என் கணவர் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார். நட்டநடுவில் அத்தை நின்றுவிட்டார். ஒருவழிப் பாதை, திரும்ப முடியாது. பின்னால் நீண்ட வரிசை. இரண்டு கைகளாலும் பக்கக் கொடியைப் பற்றிக்கொண்டு, "கௌரி, நீ போ. நான் இப்படியே நிற்கிறேன்" என்றார். குரல் நடுங்கியது.

வரிசையிலிருந்து ஒரு ஜப்பானிய அம்மாள் வந்தார். சுற்றுலாக் குழுவின் வில்லை சட்டையில் குத்தியிருந்தது. வயதில் அத்தையைவிடப் பெரியவர் என்றே தோன்றியது. அத்தைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கையைப் பிடிக்கவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. தன் காலை அடுத்த கட்டையில் வைத்துக் குதிகாலால் இருமுறை தட்டினார். டக், டக். அத்தையைப் பார்த்தார். அத்தை அந்தக் கட்டையில் கால் வைத்தார். அடுத்த கட்டை, மறுபடி டக், டக். கரை சேரும்வரை இப்படியே. பின்னால் இருந்தவர்களில் ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

கரையில் இருவரும் ஒருவர் முழங்காலை ஒருவருக்குக் காட்டி, அவர் ஜப்பானியத்திலும் இவர் தமிழிலும் மூட்டுவலி பேசினார்கள். குழுவின் வழிகாட்டி கொடியைத் தூக்கிக் கூப்பிட்டதும் அந்த அம்மாள் போய்விட்டார். பெயர்கூடக் கேட்க இடமில்லை. அத்தை ஊரிலிருந்து ஃபோன் செய்யும்போதெல்லாம் அந்த அம்மாளின் முழங்கால் எப்படி இருக்கிறதோ என்கிறார்.

ஒரு கேள்வி: சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே என்னதான் கிடைக்கும்? அத்தை வாழைப்பழத்தோடு அன்றைய பொழுதை ஓட்டினார்.

மலைப்பாதை எழுதியது:

கௌரி அவர்களே, நகோரோவைப் பேய் ஊர் என்று தயவுசெய்து யாரும் எழுத வேண்டாம். இணையத்தில் அந்தப் பட்டத்தைக் கட்டியவர்கள் அங்கே ஒரு மணி நேரம்கூட நிற்காதவர்கள். இன்றும் மனிதர்கள் வாழும் ஊர் அது. ட்சுகிமி அயானோ என்ற பெண்மணி தந்தையைக் கவனித்துக்கொள்ள ஒசாகாவிலிருந்து திரும்பி வந்தார். விதைத்ததையெல்லாம் பறவைகள் தின்றுவிட, தந்தையின் சாயலில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை செய்து நிறுத்தினார். வழியில் போனவர்கள் தந்தை என்றே எண்ணி வணக்கம் சொன்னார்கள். ஆரம்பம் அதுதான். மறைந்தவர்களையும் ஊரைவிட்டுப் போனவர்களையும் அவர் ஊரிலேயே உட்காரவைத்தார். பள்ளியின் கடைசி மாணவர்கள் இருவரும் தங்களையே பொம்மையாகச் செய்து வகுப்பறையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இதில் பயப்பட என்ன இருக்கிறது? பிள்ளைகளை அழைத்துப் போங்கள். மழைத்துளியின் மகள் பயந்தாளா?

என் அனுபவம் சிறியது. 439-இல் ஒரு வளைவில் மரம் ஏற்றிய லாரி எதிரே வந்தது. நான் பின்னால் எடுக்கத் தொடங்கியதும் ஓட்டுநர் கையை உயர்த்தி நிறுத்தினார். பின்சீட்டில் குழந்தை இருக்கையைப் பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவ்வளவு பெரிய லாரியை, ஒரு பக்கம் பாறை ஒரு பக்கம் பள்ளம், கண்ணாடியை மட்டும் நம்பி அவரே பின்னால் கொண்டுபோனார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். வாடகைக்கு எடுத்தால் மஞ்சள் நம்பர் பலகை உள்ள சிறிய கார் எடுங்கள். குடும்பம் பெரியது என்று வேன் எடுத்தால் ஹிகாஷி இயாவில் (கிழக்கு இயா) ஒவ்வொரு வளைவிலும் வருந்துவீர்கள். மலை ஏறும் முன்பே பெட்ரோலை நிரப்பிவிடுங்கள். வளைவில் குவிகண்ணாடி இருந்தால் அதில் பார்த்த பிறகே திரும்புங்கள். இல்லாத வளைவில் மிக மெதுவாகத் திரும்புங்கள். ரொக்கப் பணம் வேண்டும். சிறுநீர் கழிக்கும் சிறுவன் சிலைக்காகப் பழைய இயா சாலையில் போகிறவர்கள், அங்கே காரை எங்கே நிறுத்துவது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கீழே 200 மீட்டர் பள்ளம், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். அக்டோபரிலேயே மலைநிழலில் சீக்கிரம் இருட்டிவிடும், மூன்று மணிக்கு மேல் நகோரோவைத் தாண்டி ட்சுருகி மலைப் பக்கம் போகாதீர்கள். ஒகு இயாவின் (உள் இயா) இரட்டைக் கொடிப் பாலங்கள் டிசம்பர் முதல் மார்ச் வரை திறப்பதில்லை. குளிர்காலத்தில் சாலை உறையும். வயிறு பிரட்டும் பிள்ளைகளுக்கு ஓபோகேயிலேயே மாத்திரை கொடுத்துவிடுங்கள். பாதி வழியில் கொடுத்துப் பயனில்லை. கார் இல்லாமல் ஒரே நாளில் இயாவைப் பார்க்கலாம் என்று மட்டும் யாரும் நம்பிவிட வேண்டாம்.

தென்றல் எழுதியது:

மலைப்பாதை அண்ணா, உங்கள் கடைசி வரியை நான் ஏற்கவில்லை. கார் ஓட்டத் தெரியாதவர்களும் போகலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான் கூடாது. ஒகயாமாவிலிருந்து நன்பூ விரைவு ரயில் ஓபோகேயில் நிற்கிறது. பஸ் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் மனத்தில் நிற்பது பஸ்ஸில் நடந்ததுதான். காரில் போயிருந்தால் அது எனக்குக் கிடைத்திருக்காது.

குபோ போகும் பஸ். நானும் மகனும், உள்ளூர்க்காரர்கள் மூன்று நான்கு பேரும். ஒரு பாட்டி ஆவா இக்கேதா என்ற ஊரில் கடை கண்ணிக்குப் போய்த் திரும்புகிறார். காலடியில் ஒரு அரிசி மூட்டை, இரண்டு பைகள். ஒரு சரிவில், ஏறிப்போகும் கற்படிகள் முன்னால் பஸ் நின்றது. வீடு மேலே, சாலையிலிருந்து கூரை மட்டுமே தெரிகிறது. ஓட்டுநர் எழுந்து எங்கள் பக்கம் திரும்பித் தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தார். பிறகு அரிசியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறத் தொடங்கினார். பாட்டி ஒரு பையை எடுத்தார். இன்னொன்று சீட்டடியில் இருந்தது. என் மகன் என்னைக் கேட்கவே இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, அவர்கள் பின்னாலேயே போய்விட்டான். பத்து வயதுப் பையன், வீட்டில் தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பச் சொன்னால் அசையாதவன்.

உள்ளே இருந்தவர்கள் பேசாமல் காத்திருந்தார்கள். என் முன்சீட்டுத் தாத்தா மட்டும் திரும்பி, "நல்ல பிள்ளை" என்றார். ஓட்டுநரும் மகனும் இறங்கி வந்தபோது மகன் கையில் இரண்டு சர்க்கரைவள்ளிக் கிழங்கு, இன்னும் மண் ஒட்டியிருந்தது.

ஒச்சியாய் கிராமத்தை எதிர்மலையிலிருந்து பாருங்கள். அடியிலிருக்கும் வீட்டுக்கும் உச்சியிலிருக்கும் வீட்டுக்கும் 390 மீட்டர் உயர வித்தியாசம். அப்படிப்பட்ட சரிவில் வயதானவர் ஒரு மூட்டை அரிசியை வீடு சேர்ப்பது என்றால் என்ன என்று அந்தப் படிகளைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஹெய்கே குலத்து வீரர்கள் 1185-இல் தோற்று ஓடிவந்து ஒளிந்த இடம் என்று பெருமையாகச் சொல்கிறோம். ஒளிய வசதியான மலை, வயதான காலத்தில் இருக்க வசதியான மலை இல்லை.

நடைவழி எழுதியது:

சைவ உணவு பற்றிக் கேட்ட கௌரிக்குப் பதில் சொல்ல வந்தேன். என் அனுபவமும் அதிலேயே இருக்கிறது.

சோபா என்பது பக்வீட் மாவில் செய்யும் நூடுல்ஸ். இயா சோபாவின் குழம்பில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். எனவே சூடான சோபா கேட்காதீர்கள். உருளைக்கிழங்கு, டோஃபு, கொன்யாக்கு (கிழங்கு மாவில் செய்யும் கெட்டிக் களி) மூன்றையும் குச்சியில் குத்தி மிசோ என்ற சோயா விழுதைத் தடவிச் சுடும் தெகொமவாஷியைப் பாருங்கள். மிசோவில் மீன் கலந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊர் டோஃபு கல்லாகக் கெட்டி, நம் நாக்குக்குப் பிடிக்கும்.

நாங்கள் போனது பக்வீட் தானியத்தை நாமே அரைத்துச் சோபா செய்யும் ஒரு வீட்டுக்கு. திரிகையை என் சின்னவள் கையில் கொடுத்தார்கள். குஷியில் வேகமாகச் சுற்றினாள். அந்த வீட்டு அம்மா அவள் கைமேல் தன் கையை வைத்து மெதுவாக்கினார். வேகமாக அரைத்தால் கல் சூடேறி மாவின் வாசம் போய்விடுமாம். பிறகு சுற்றுக்குத் தக்கபடி ஒரு பாட்டை இழுத்துப் பாடினார். அடுத்த சுற்று வரும்வரை அடுத்த வரி வராது. அவள் அவசரப்பட்டால் பாட்டு நின்றுவிடும். அரை மணி நேரம் சுற்றினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. கிடைத்தது ஒரு கைப்பிடி மாவு. ஒட்டுவதற்கு எதுவும் சேர்க்காததால் சோபா குட்டை குட்டையாக உடைந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்றார்.

மீன் சாப்பிடமாட்டோம் என்று ஒரு நாள் முன்பே ஃபோனில் சொல்லியிருந்தோம். அதனால் குளிர்ந்த சோபாவுக்குத் துருவிய முள்ளங்கியும் வெறும் சோயா சாஸும் எடுத்துவைத்திருந்தார். அங்கே போய் நின்று கேட்டால் முடியாது, குழம்பு காலையிலேயே தயாராகிவிடும். முன்பே சொல்லுங்கள், செய்து தருவார்கள்.